பழைய லண்டன் வெள்ளிக் காபிக் கெண்டியையும் அதைச் செய்த கொல்லரையும் அடையாளம் காண்பது எப்படி

ஏலத்திலோ, பழம்பொருள் கடையின் கண்ணாடி அலமாரியிலோ, தலைமுறைகளாகப் பூட்டியிருந்த வீட்டுப் பெட்டியிலோ ஒரு பழைய வெள்ளிக் காபிக் கெண்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, இதைச் செய்தவர் யார் என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கான விடையைக் கடைசியில்தான் தேட வேண்டும். கெண்டியின் வடிவம், தகடு, பற்றவைத்த இடங்கள், எடை ஆகியவை தத்தம் சாட்சியத்தைச் சொல்லி முடித்த பிறகு, முத்திரையில் இருக்கும் பெயர் அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே சரியான வரிசை. பெயரை முதலில் படித்துவிட்டால், அந்தப் பெயருக்குப் பொருந்துவதை மட்டுமே கண் தேடத் தொடங்கிவிடும். பெரிய பெயர்களை நம்பிப் பெரிய தொகையை இழந்தவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிக்கொண்டவர்களே. 18ஆம் நூற்றாண்டின் லண்டன் கெண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். வெள்ளிப் பாத்திரங்களுக்கு அவ்வளவு ஒழுங்கான முத்திரை வரலாறு உள்ள நகரங்கள் மிகக் குறைவு.

எடுப்பதும் வைப்பதும்

கைப்பிடியைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். வெள்ளி சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால், அக்காலக் கெண்டிகளின் கைப்பிடி பெரும்பாலும் மரத்தால் ஆனது. உடலோடு பற்றவைத்த இரண்டு வெள்ளிக் குழல்களில் மரத்தைச் செருகி, குறுக்கே சிறு ஆணி அடித்திருப்பார்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளில் மரம் உலர்ந்து சுருங்கியிருக்கும், ஆணி தளர்ந்திருக்கும். ஒரு கையை அடியிலும் மற்றொரு கையை உடலைச் சுற்றியும் வைத்துத் தூக்க வேண்டும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும். மருத்துவமனைகளில் பயன்படுத்தும் நைட்ரைல் கையுறையே மேல். மேசையில் தடித்த துணியை மடித்து விரித்து, பக்கவாட்டிலிருந்து சன்னல் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். நேர் மேலிருந்து விழும் விளக்கொளியில் வெள்ளி பளபளக்குமே தவிர, தன் மேடுபள்ளங்களைக் காட்டாது.

அடுத்து, அது வெள்ளிதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 1743 வாக்கில் ஷெஃபீல்டில் தாமஸ் பௌல்சோவர் கண்டறிந்த முறையில், செம்பின் மேல் வெள்ளித் தகட்டை உருக்கி ஒட்டிச் செய்த பாத்திரங்கள் ஏராளமாக வந்தன. அவற்றின் விளிம்புகளிலும், தேய்த்துத் தேய்த்து மெலிந்த மேடுகளிலும் செம்பின் சிவப்பு எட்டிப்பார்க்கும். 1840இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின், ஈபிஎன்எஸ் (நிக்கல் கலவையின் மேல் வெள்ளி முலாம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயங்களுக்குள் பொறித்த பாத்திரங்கள் பெருகின. தொலைவிலிருந்து பார்த்தால் அவை அசல் முத்திரை வரிசை போலவே தோன்றும். பழம்பொருளில் அமிலம் வைத்துச் சோதிக்கவோ, உரைகல்லில் தேய்க்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்தத் தழும்பு பிறகு மறையாது.

வடிவம் சொல்லும் காலம்

லண்டனில் பாஸ்குவா ரோசே என்பவர் முதல் காபிக் கடையைத் திறந்தது 1652இல். வெள்ளிக் கெண்டி அதற்குப் பின்னரே வந்தது. இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1681ஆம் ஆண்டுக் கெண்டி, அறியப்பட்டவற்றில் மிகப் பழைய ஆங்கிலேய வெள்ளிக் காபிக் கெண்டி. ஜார்ஜ் கார்த்தோர்னின் முத்திரை கொண்ட அதை, ரிச்சர்ட் ஸ்டெர்ன் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். மேலே குறுகிச் செல்லும் உயரமான உடலும், கூம்பு மூடியும், நேராக நீளும் மூக்கும் கொண்ட எளிய உருவம் அது. அதே அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட அதே உருவத்தில் 1670ஆம் ஆண்டுத் தேநீர்க் கெண்டி ஒன்றும் உண்டு. பெர்க்லி பிரபு கம்பெனிக்குக் கொடுத்த அந்தக் கெண்டி தேநீருக்கானது என்பது, அதன் மேல் பொறித்துள்ள வாசகத்தால் மட்டுமே தெரிகிறது. அந்தத் தொடக்க காலத்தில் வடிவத்தை வைத்து மட்டும் பயனைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

பின்னர் வடிவங்கள் பிரிந்தன. 18ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் மேல்நோக்கிக் குறுகும் உருளை உடலும் குவிமாட மூடியும் வழக்கில் இருந்தன. சில கெண்டிகள் எண்பட்டையாகவும் செய்யப்பட்டன. கைப்பிடி மூக்குக்கு எதிரே இல்லாமல் செங்கோணத்தில் பொருத்தியிருப்பதும் உண்டு. 1730களில் உடலின் அடிப்பகுதி உள்வாங்கி வளையத் தொடங்கியது. நூற்றாண்டின் நடுவில் வயிறு பருத்துப் பேரிக்காய் உருவம் வந்தது. 1770களில் கிரேக்க, ரோமானியச் சாடிகளைப் பின்பற்றி, உயர்ந்த பாதத்தின் மேல் நிற்கும் மெலிந்த கெண்டிகள் வந்தன. மூடியின் உச்சிக் குமிழைக் கழற்றவோ விலக்கவோ முடிந்து, அங்கே ஒரு துளை தெரிந்தால், அது காபிக்கானதன்று. சாக்லேட் பானத்தைக் கடையும் மத்தை உள்ளே விடுவதற்கான வழி அது.

தகட்டைப் படிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கெண்டியை வாயருகே கொண்டுவந்து, உடலின் மேல் மெல்ல மூச்சை ஊதுங்கள். வெள்ளியின் மேல் பனி படரும். அது விலகும் சில நொடிகளில், பளபளப்பில் மறைந்திருந்த கோடுகள் வெளிப்படும். பற்றுப்பொடியின் உலோகக் கலவை தகட்டின் கலவையிலிருந்து வேறுபடுவதால், பற்றவைத்த கோடும் ஒட்டுப்போட்ட இடமும் சற்று வேறு நிறத்தில் தெரியும்.

உருளை உடல் கொண்ட கெண்டிகளில், கைப்பிடிக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு பற்றுக்கோடு தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். தகட்டைச் சுருட்டி ஓரங்களைச் சேர்த்துப் பற்றவைத்து, கோடு கண்ணில் படாதபடி கைப்பிடியை அதன் மேல் பொருத்துவது அக்கால வழக்கம். பருத்த வயிறுள்ள கெண்டிகளைப் பெரும்பாலும் ஒரே தகட்டிலிருந்து அடித்து எழுப்பினார்கள். தட்டையான வட்டத் தகட்டைப் பட்டடையில் வைத்துச் சுற்றிச் சுற்றிச் சுத்தியால் அடிப்பார்கள், வெள்ளி இறுகியதும் நெருப்பில் காய்ச்சி இளக்குவார்கள், மீண்டும் அடிப்பார்கள். விளக்கைச் சாய்த்து உட்புறத்தைப் பார்த்தால், வெளியே மழுப்பிவிட்ட சுத்தித் தடங்கள் அங்கே மங்கலாக வரிசை வரிசையாகத் தெரியும். மூக்கை இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டியிருப்பார்கள். மூக்கு உடலோடு சேரும் இடத்தில், உட்பக்கமாகக் காபித் தூளைத் தடுக்கும் சிறு துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மூச்சு காட்டிக்கொடுக்கும் இன்னொன்று, அழித்துவிட்ட குலச்சின்னம். முன்னாள் உரிமையாளரின் சின்னத்தைச் சுரண்டி நீக்கிய இடத்தில் தகடு மெலிந்திருக்கும். கட்டைவிரலால் மிக லேசாக அழுத்தினால் அந்த இடம் சற்றே அசையும். சின்னம் அழியாமல் இருந்தால் அது பெரிய பேறு. அதைச் சுற்றியுள்ள சட்டகத்தின் அலங்காரம் கெண்டியின் காலத்தோடு பொருந்த வேண்டும்: இருபுறமும் சமமான கனத்த சட்டகம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும், ஒருபக்கம் சாய்ந்து நெளியும் சிப்பி வளைவுகள் 1740களை ஒட்டிய காலத்துக்கும், தோரணமும் நாடாவும் 1770களுக்குப் பிந்திய காலத்துக்கும் உரியவை. சின்னம் கேடயத்துக்குள் இல்லாமல் சாய்சதுரத்துக்குள் இருந்தால், கெண்டியின் உரிமையாளர் மணமாகாத பெண் அல்லது கைம்பெண்.

அடியைத் திருப்பிப் பாருங்கள். ஊசியால் கீறியது போல மெல்லிய எண்கள் இருக்கலாம். கெண்டி புதிதாக இருந்தபோது எடுத்த எடையைக் குறித்து வைத்த கீறல் அது. முதல் எண் டிராய் அவுன்ஸ், அடுத்தது பென்னிவெயிட். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், ஓர் அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட். ஆக, 24 என்றும் 10 என்றும் கீறியிருந்தால் இருபத்து நான்கரை அவுன்ஸ், அதாவது சுமார் 762 கிராம். இப்போது தராசில் வைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் துலக்கியதில் சிறிது குறைந்திருப்பது இயல்பு. எடை கூடியிருந்தால் பின்னால் ஏதோ சேர்த்திருக்கிறார்கள். வெகுவாகக் குறைந்திருந்தால் ஏதோ ஒன்றை நீக்கியிருக்கிறார்கள், அல்லது சின்னத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். பழைய எடையில் மரக் கைப்பிடி சேராமலும் இருந்திருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக் கணக்கிடுங்கள்.

முத்திரைகள்

இப்போதுதான் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பைக் கையில் எடுக்க வேண்டும். முற்காலக் கெண்டிகளில் முத்திரைகள் உடலின் விளிம்பருகே, கைப்பிடிக்கு வலப்புறம் வரிசையாக இருக்கும். பிற்காலத்தில் அடிப்புறத்தில் குத்துவது பெருகியது. மூடியின் உட்புறத்திலும் சிங்கமும் கொல்லரின் எழுத்தும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், மூடியும் உடலும் ஒன்றாகப் பிறந்தவை என்பதற்கு அது வலுவான சான்று.

லண்டன் முத்திரைகளில் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது. நடந்து செல்லும் சிங்கம் மாற்றைக் குறிக்கிறது: ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை, வெள்ளியின் மாற்றைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் மாற்று நிலையத்தின் அடையாளம். 1821 வரை அதன் தலையில் மகுடம் இருக்கும், அதன் பின் இராது. 1697 முதல் 1720 வரை, நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுப்பதற்காக, 958 என்ற உயர்ந்த மாற்று கட்டாயமாக இருந்தது. அக்காலக் கெண்டிகளில் சிங்கத்துக்குப் பதில் அமர்ந்திருக்கும் பிரிட்டானியா பெண்ணுருவும், கிழிந்த கழுத்துடைய சிங்கத் தலையும் இருக்கும். 1784 டிசம்பர் முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் தலையும் சேரும். அது இல்லாமல் 1800ஆம் ஆண்டு என்று ஒரு லண்டன் கெண்டியை விற்க வந்தால் உடனே காரணம் கேளுங்கள். சிறுத்தைக்குப் பதிலாக நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். தனி மகுடம் இருந்தால் ஷெஃபீல்டு. இரண்டு நிலையங்களும் 1773இல் தொடங்கியவை.

ஆண்டைச் சொல்வது ஒற்றை எழுத்து. லண்டனில் ஜே எழுத்தை விட்டுவிட்டு இருபது எழுத்துகளை ஆண்டுக்கு ஒன்றாகப் பயன்படுத்தினார்கள்; ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் பாணியையோ கேடயத்தின் வடிவத்தையோ மாற்றிக்கொண்டார்கள். எழுத்து மாறியது ஜனவரியில் அன்று, மே மாதத்தில். ஆகவே ஓர் எழுத்து இரண்டு நாட்காட்டி ஆண்டுகளைத் தொடும். 1736இல் தொடங்கிய சுற்றில் சின்ன சி எழுத்து 1738 மே முதல் 1739 மே வரையிலான காலத்தைக் குறிக்கும். எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, கேடயத்தின் ஓர வளைவைப் பார்க்காமல் விடுவதால் இருபது ஆண்டு, நாற்பது ஆண்டு தவறு நேர்வது மிகச் சாதாரணம்.

கொல்லரின் எழுத்து

பால் டி லாமெரி என்ற கொல்லரை எடுத்துக்கொண்டால் இதையெல்லாம் பொருத்திப் பார்ப்பது எளிது. 1688இல் நெதர்லாந்தில் பிறந்தவர், பெற்றோர் சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி வெளியேறிய பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள், குழந்தையாக லண்டனுக்கு வந்து, 1703இல் பியர் பிளாட்டெல் என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார், 1713இல் தம் முதல் முத்திரையைப் பதிவு செய்தார், 1751இல் இறந்தார். உயர்ந்த மாற்றுக் காலத்தில் குடும்பப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளையே முத்திரையாக்க வேண்டும் என்பது சட்டம். எனவே அவருடைய முதல் முத்திரை எல்ஏ. 1720க்குப் பிறகு அந்த மாற்று கட்டாயமில்லை என்றாகியும், பல ஆண்டுகள் அவர் அதிலேயே வேலை செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1733இல் 925 மாற்றுக்காக பிஎல் என்ற இரண்டாவது முத்திரையைப் பதிந்தார். 1739இல் புதிய சட்டத்தின்படி கொல்லர்கள் அனைவரும் புது முத்திரை பதிய வேண்டியிருந்ததால், அந்த ஜூன் மாதத்தில் கையெழுத்துப் பாணியில் அமைந்த பிஎல்லை மூன்றாவதாகப் பதிந்தார். இப்போது யோசியுங்கள்: சின்ன சி எழுத்துள்ள ஒரு கெண்டியில் கையெழுத்துப் பாணி பிஎல் இருந்தால், 1739 மே மாதத்தோடு முடிந்துவிட்ட எழுத்தோடு ஜூனில் பதிந்த முத்திரை எப்படிச் சேரும்? இந்த ஒரு கேள்வியே ஒரு போலியை வீழ்த்தப் போதும்.

சர் ஜான் லெக்வென் என்ற வணிகருக்காக அவர் 1738இல் செய்த கெண்டி, 2013இல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 44 லட்சம் பவுண்டுக்கும் மேலாக விலைபோனது. அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலிக்கும் ஆசை இருக்கும் என்பதால், அந்தப் பெயரைக் கண்டதும் எச்சரிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முத்திரையில் உள்ள பெயர், பாத்திரத்தின் மாற்றுக்குப் பொறுப்பேற்றவரின் பெயர். சுத்தி பிடித்த கை வேறு ஒருவருடையதாக இருக்கலாம். லாமெரியின் 1730களின் பிற்பகுதி வேலைகளில் மிகச் சிறந்த சிலவற்றுக்கு உருவம் வடித்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆய்வாளர்கள் அவரை மேனார்ட் கலைஞர் என்று ஒரு பொதுப்பெயரால் அழைக்கிறார்கள். ஹெஸ்டர் பேட்மன் கணவரை இழந்த பின் 1761இல் எச்பி என்று தம் முத்திரையைப் பதிந்து, 1790 வரை பட்டறையை நடத்தினார். எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய பெயரில் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்த மணிவிளிம்புக் கெண்டிகள் இன்றும் விரும்பி வாங்கப்படுகின்றன. இதனால் கொல்லரின் மதிப்பு குறைந்துவிடாது. ஒரு பட்டறையை ஒரே தரத்தில் நடத்துவதும் கைத்திறன்தான். பெயர் தெரியாத அந்தக் கைகளையும் சேர்த்தே பாத்திரத்தை மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1758 முதல் 1773 வரையிலான பெரும்பாத்திரக் கொல்லர்களின் பதிவேடு தொலைந்துவிட்டது. ஆகவே அந்தப் பதினைந்து ஆண்டுக் கெண்டிகளில் உள்ள எழுத்துகளுக்கு யாராவது அடித்துச் சொல்வது போலப் பெயர் சொன்னால், எந்த ஆதாரத்தில் என்று கேளுங்கள். நம் ஊரில் செய்த பழைய வெள்ளிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தெய்வ உருவங்களைப் புடைப்பு வேலையாகச் செய்து விற்ற 19ஆம் நூற்றாண்டுப் பாத்திரங்களில் சிங்கமும் ஆண்டெழுத்தும் இருக்காது. இங்கே அப்போது அரசு மாற்று நிலையம் இல்லை. அவற்றில் நிறுவனத்தின் பெயரையும், வேலைப்பாட்டையும், பரிசளித்த நாள் பொறித்திருந்தால் அதையும் வைத்தே முடிவுக்கு வர வேண்டும்.

ஏமாற்று வேலைகள்

இரண்டு வகையை அவசியம் தெரிந்து வைத்திருங்கள். முதலாவது, பியர் குடிக்கும் பழைய மூடிக் குவளைக்கு 19ஆம் நூற்றாண்டில் மூக்கு வைத்துக் கெண்டியாக்கியது. உடல் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். மூக்கு பழைய வரிவிளிம்பையோ பொறிப்பையோ குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கும். மூக்கில் முத்திரை இராது. பிற்காலச் சேர்க்கையை முறைப்படி முத்திரையிடாமல் விற்பது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, வேறு சிறு பொருளிலிருந்து வெட்டியெடுத்த முத்திரைத் துண்டை அடியில் பதித்தது. இதிலும் இரு பிரிவு உண்டு. 1720 முதல் 1758 வரை அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தது. முப்பது அவுன்ஸ் கெண்டிக்குப் பதினைந்து ஷில்லிங். அதைத் தவிர்க்கச் சில கொல்லர்களே ஒரு சிறு துண்டுக்கு மட்டும் முத்திரை வாங்கிப் பெரிய பாத்திரத்தில் பற்றவைத்தார்கள்; லாமெரியும் இதைச் செய்திருக்கிறார். அத்தகைய கெண்டி அக்காலத்து உண்மையான வேலைதான். பின்னாளில் கரண்டிக் காம்பை வெட்டிப் பதித்தது வெறும் போலி. இரண்டிலும் மூச்சை ஊதினால் முத்திரைகளைச் சுற்றி மெல்லிய பற்றுக்கோடு வட்டமாகவோ சதுரமாகவோ தெரியும். எது எது என்று முடிவு செய்வது தேர்ந்தவர்களின் வேலை. அப்படியொரு கோட்டைக் கண்டால், விலை பேசுவதை நிறுத்திவிட்டு அவர்களிடம் காட்டுங்கள்.

துலக்குவதும் வைத்திருப்பதும்

நம் வீடுகளில் குத்துவிளக்கையும் வெள்ளித் தட்டையும் திருநீற்றால் துலக்குகிறோம். அன்றாடப் பூசைப் பாத்திரத்துக்கு அது போதும். முத்திரை மழுங்கினால் பாதி மதிப்பை இழக்கும் ஒரு பழங்கெண்டிக்கு வேண்டாம். பற்பசையும் கூடாது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு வெந்நீரில் மூழ்க வைக்கும் முறை, பள்ளங்களில் தங்கி வேலைப்பாட்டை எடுத்துக்காட்டும் கருநிழலையும் சேர்த்து உரித்துவிடும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மிக நுண்ணிய சுண்ணப் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, மென்மையான பஞ்சால் தேவையான இடத்தில் மட்டும் தடவித் துடையுங்கள். முத்திரைகளின் மேலும் குலச்சின்னத்தின் மேலும் தடவாதீர்கள். கெண்டியை முழுதாக நீரில் அமிழ்த்தக் கூடாது. கைப்பிடிக் குழலுக்குள்ளும் கீலுக்குள்ளும் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது.

மூக்கின் அடியிலோ கீலிலோ மங்கிய சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகப் பற்று தெரிந்தால், அது பிற்காலத்தில் ஈயம் கலந்த பற்றால் செய்த பழுதுபார்ப்பு. அந்தக் கெண்டியில் காபி ஊற்றிக் குடிக்காதீர்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று தெருமுனைப் பட்டறையில் நெருப்புக் காட்டவும் விடாதீர்கள். சூட்டில் ஈயம் வெள்ளியை அரித்து ஓட்டையாக்கிவிடும்.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள். ரப்பர் வளையம், கம்பளித் துணி, செய்தித்தாள் ஆகியவற்றை அருகில் வைக்காதீர்கள். துவைத்துக் கஞ்சி நீக்கிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். கடற்கரை ஊர்களில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் உள்ளே வாடை தங்காது.

கடைசியாக, எழுதி வையுங்கள். உயரம், எடை, அடியில் உள்ள கீறல் எண்கள், ஒவ்வொரு முத்திரையின் பக்கவெளிச்சப் படம், குலச்சின்னத்தின் படம், வாங்கிய ரசீது ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். ரசீதில் “பழைய வெள்ளிக் கெண்டி” என்று மட்டும் எழுதித் தர விடாமல், நகரம், ஆண்டு, முத்திரைக்குரியவர், செய்த பழுதுபார்ப்பு ஆகிய நான்கையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் இந்தியாவில் இருந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்று யாராவது ஆசை காட்டினால், முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள். கைப்பிடியிலோ அதன் வெப்பத்தடை வளையத்திலோ தந்தம் இருந்தால், அதை இங்கே விற்பதற்கும் வாங்குவதற்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடையாக நிற்கும் என்பதையும் விலை பேசும் முன்பே அறிந்திருங்கள்.